கேள்வி – பதில்: 24 தொன் கணக்கு, 5 தொன்னில் மடிவு

கேள்வி: தண்ணீர்த் தாங்கி வைக்க பைபரில் உருளைக் கால் ஒன்று வார்த்தோம். விட்டம் 1 மீற்றர். 450 கிராம் மேட் (கண்ணாடி நார் விரிப்பு) மூன்று படை, பொலியெஸ்ரர் றெசின், தடிப்பு 3 மிமீ. கணக்கில் 24 தொன் வருகிறது. ஜக்கால் அமுக்கியபோது 5 தொன்னிலேயே கதவு வெட்டிய பக்கம் 'டப்' என்று குழிந்து மடிந்துவிட்டது. றெசின் பிழையா?
– வாழைச்சேனை வாசகர்

பதில்: றெசின் பாவம், அதை விடுங்கள். 3.8 × யங்கின் மட்டு (பொருளின் விறைப்பு) × தடிப்பின் வர்க்கம், அதாவது 3.8 × 7,000 × 9, ஏறத்தாழ 239,000 நியூட்டன், அதுதான் உங்கள் 24 தொன். கணக்குச் சரிதான். ஆனால் அது குறையே இல்லாத உருளைக்கானது. வெறும் சோடாப் பேணியின் மேல் மெல்ல ஏறி நின்றால் தாங்கும். பக்கத்தில் விரலால் தட்டினால் அப்படியே நசுங்கும். சுவரின் தடிப்பளவு நெளிவு இருந்தாலே பலம் வெகுவாக விழும் என்பதை 1945 இல் டச்சுப் பொறியியலாளர் கொய்ற்றர் கோட்பாடாக நிறுவினார். நாசாவின் 1968 வழிகாட்டிச் சூத்திரத்தில் உங்கள் உருளையை (ஆரை, தடிப்பைப் போல் 167 மடங்கு) போட்டுப் பார்த்தால் பாதிதான் மிஞ்சும்: 12 தொன். மேட் எல்லாத் திசையிலும் ஒரே விறைப்புடையதால் அந்தச் சூத்திரத்தை இங்கே எடுக்கலாம்.

மீதி 7 தொன்னைத் தின்றது கதவும் அடிவிளிம்பும்தான். ஆரையையும் தடிப்பையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் உங்களுக்கு 39 மிமீ. 3 செமீ குழாய்த் துளை பெரிதாகப் பாதிக்காது. துளையின் ஆரை அந்த 39 மிமீயைத் தாண்டினால் பலம் சடுதியாக இறங்கும். கதவு வேண்டுமென்றால் மூலைகளை வளைத்து வெட்டி, சுற்றிவர 100 மிமீ அகலத்துக்கு இன்னும் மூன்று படை போடுங்கள். ஓரத்தைப் படிப்படியாகக் குறைத்து முடியுங்கள். திடீரென நின்றால் அந்தக் கோட்டில்தான் அடுத்த மடிவு வரும்.

அடிவிளிம்பில் 1 மிமீ இடைவெளி இருந்தால் பாரம் இரண்டு மூன்று இடத்தில் மட்டும் இறங்கும். றெசின் புட்டி பூசி, அது இறுகுமுன் உருளையை நிறுத்துங்கள். மேட் ஒட்டுகள் எல்லாம் ஒரே கோட்டில் வரக்கூடாது.

நாலாவது படை சேர்த்தால் 12 தொன் ஏறத்தாழ 23 ஆகும், ஏனெனில் தடிப்பு வர்க்கமாக வருகிறது, சுவர் தடிக்கும்போது நெளிவால் இழக்கும் பங்கும் சற்றுக் குறைகிறது. வெயிலில் நிரந்தரமாக நிற்கும் பாரத்துக்கு அதிலும் பாதியையே நம்புங்கள்.

கேள்வி: தடிப்பைக் கூட்டாமல் உள்ளே விலா (சுவரை விறைப்பாக்கும் நிமிர்ந்த பட்டை) வைத்தால் என்ன?
– கல்முனை வாசகர்

பதில்: நல்லது. விலா வைத்த சுவர் சிறு நெளிவுகளுக்கு அவ்வளவு அஞ்சாது. ஆனால் விலாவின் இரு முனையும் மேல், கீழ் விளிம்புவரை ஓட வேண்டும். இடையில் நின்றால் முனையிலிருந்து சுவர் பிரியும்.