வாசகர் கேள்விகள்: ஊரோடு கப்பலேறிய சபை

கேள்வி: ரஷ்யாவிலிருந்து ஒரு மெனோனைட் (கிறிஸ்தவப் பிரிவு) சபை அப்படியே அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது உண்மையா?

பதில்: அநேகமாக முழுச் சபையும்தான். அதன் பெயர் அலெக்சாண்டர்வோல். ஆயுதம் ஏந்துவதில்லை என்பது மெனோனைட்டுகளின் அடிப்படை நம்பிக்கை. ரஷ்யாவில் அவர்களுக்கு இருந்த படைச்சேவை விலக்கு, 1874-ஆம் ஆண்டு கட்டாய ராணுவச் சட்டத்தால் பறிபோனது. பதிலுக்குக் காட்டிலாகாவில் வேலை செய்யலாம் என்று அரசு இறங்கிவந்தது. பெரும்பாலான மெனோனைட்டுகள் அதை ஏற்றுத் தங்கிவிட்டார்கள். இந்தச் சபை ஏற்கவில்லை. மூப்பர் யாக்கோப் புல்லர் தலைமையில் சுமார் 800 பேர் அதே ஆண்டு ஹாம்பர்க் துறைமுகத்தில் 'சிம்பிரியா', 'டியூட்டோனியா' கப்பல்களில் ஏறினார்கள். சிலர் நெப்ராஸ்காவுக்குப் பிரிந்தார்கள். மற்றவர்கள் கான்சஸ் மாநிலத்தில் குடியேறினார்கள். இந்தச் சபைக்கு இடம்பெயர்வு புதிதல்ல. 1820 வாக்கில் மேற்கு பிரஷ்யாவின் விஸ்துலா ஆற்றோரத்திலிருந்துதான் ரஷ்யாவில் இருந்த மொலோச்னா என்ற மெனோனைட் குடியிருப்புக்கே வந்திருந்தது.

கேள்வி: கான்சஸிலும் பழையபடி ஒரே தெருவில் கிராமமாக வாழ்ந்தார்களா?

பதில்: ஆரம்பத்தில் வாழ்ந்தார்கள், நீடிக்கவில்லை. காரணம் நில அளவை. அங்கே நிலம் ஒரு மைல் சதுரங்களாக, அதாவது 640 ஏக்கர் துண்டுகளாக வெட்டப்பட்டிருந்தது. ஒற்றைப்படை எண் துண்டுகள் சான்டா ஃபே ரயில் நிறுவனத்துக்கு, இரட்டைப்படை அரசுக்கு. அரசு நிலத்தை இலவசமாகப் பெற, 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி அந்தந்த நிலத்திலேயே 5 ஆண்டு குடியிருக்க வேண்டும். தெருவில் வீடு கட்டினால் அது நடக்காது. ரயில் நிறுவனத்திடம் விலைக்கு வாங்கினாலும் சிக்கல் தீரவில்லை. பத்திரம் சதுரக் கணக்கில் ஒருவர் பெயரில் இருக்கும். அதை நீளப் பட்டைகளாகப் பிரித்து உழுபவர்கள் பலர். வரி கட்டும்போதும் விற்கும்போதும் தகராறு வராமல் இருக்குமா? சில ஆண்டுகளில் அவரவர் நிலத்துக்கே வீட்டை மாற்றிக்கொண்டார்கள். தெரு போனாலும் சபை கலையவில்லை. 1886-இல் கோசல் பக்கத்தில் பெரிய ஆலயம் எழுப்பினார்கள்.

கேள்வி: படைச்சேவை விலக்கு அங்கே கிடைத்ததா?

பதில்: 1874-இல் கான்சஸ் தந்தது, மாநிலப் படைக்கு மட்டும். அது மத்திய அரசைக் கட்டுப்படுத்தாது. 1917-இல் கான்சஸ் மெனோனைட் இளைஞர்கள் ஃபன்ஸ்டன் ராணுவப் பயிற்சி முகாமுக்கு அழைக்கப்பட்டார்கள்.

கேள்வி: இப்படிப்பட்ட சபைப் பதிவேட்டில் மூதாதையரைத் தேடுவது எப்படி?

பதில்: முதலில் ஒன்று: ஞானஸ்நானத் தேதியைப் பிறந்த தேதியாக எடுத்துவிடாதீர்கள். மெனோனைட்டுகள் குழந்தைக்கு ஞானஸ்நானம் தருவதில்லை. வித்தியாசம் இருபது வருடம்கூட வரும். அடுத்து நாள்காட்டி. ரஷ்யாவில் 19-ஆம் நூற்றாண்டில் ஜூலியன் கணக்கு. இன்றைய கணக்குக்கு 12 நாள் கூட்டுங்கள். 1850 மே 10 என்றால் மே 22. ஆனால் பிற்காலத்தில் படியெடுத்தவர் ஏற்கெனவே மாற்றியிருந்தால், இரண்டாம் தடவை கூட்டிக் கெடுத்துவிடுவீர்கள். எந்தக் கணக்கு என்று முதலில் பாருங்கள். பழைய ஜெர்மன் கையெழுத்தில் 'e', 'n' எழுத்துகள் ஒன்றுபோலவே தெரியும். புல்லர், ஷ்மிட், உன்ரு, வேடல் குடும்பப் பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதால், பெயரை மட்டும் நம்பாமல் தந்தை, மனைவி, பிறந்த ஊர் மூன்றையும் சேர்த்துப் பொருத்துங்கள்.