பூச்சி தாக்கிய அழகு மரங்களில் பூஞ்சணம்: நீலகிரித் தோட்டக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (குன்னூர்): வாசலில் உள்ள கமேலியா மரத்தின் இலைகள் கரி பூசியதுபோல் கறுத்துவிட்டன. பூஞ்சணக்கொல்லி தெளித்தும் மறையவில்லையே, ஏன்?

பதில்: ஈரத்துணியால் ஓர் இலையைத் துடைத்துப் பாருங்கள். கருமை துணியோடு வந்துவிட்டால் அது கரும்பூஞ்சணம். இலைக்குள் அது நுழைவதில்லை. சாற்றை உறிஞ்சும் செதில் பூச்சியும் மாவுப்பூச்சியும் வெளியேற்றும் இனிப்பு நீர் இலைமேல் படிய, அதை உண்டு வளர்கிறது. ஆகவே பூச்சி இருக்கும்வரை எந்தப் பூஞ்சணக்கொல்லியும் பயன் தராது. இலைகளின் அடிப்புறத்திலும் இளங்கிளைகளிலும் ஒட்டியுள்ள செதில்களைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து நீக்கிவிட்டு, ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் நன்கு கலக்கி, இலையின் இரு பக்கமும் நனையும்படி தெளியுங்கள். மூடுபனி விலகி இலை காய்ந்த பிறகு தெளிப்பது முக்கியம். பத்து நாள் இடைவெளியில் மீண்டும் தெளிக்க வேண்டும்.

எறும்புகளையும் கவனியுங்கள். இனிப்பு நீருக்காக அவை செதில் பூச்சிகளைப் பொறிவண்டுகளிடமிருந்து காத்துவருகின்றன. அடிமரத்தைச் சுற்றித் தடித்த காகிதத்தைக் கட்டி, அதன்மேல் மட்டும் கிரீஸ் தடவுங்கள்; பட்டையில் நேராகத் தடவக் கூடாது. சுவரைத் தொடும் கிளையை வெட்டாவிட்டால் எறும்பு அந்த வழியாக ஏறிவிடும்.

கேள்வி (கோத்தகிரி): பூவுக்காக வளர்க்கும் பிளம்ஸ் மரத்தில் துளையும் மரத்தூளும் தெரிகின்றன. துளையைச் சுற்றிப் பட்டை கறுத்து உள்வாங்கி, பிசின் வடிகிறது. எதை முதலில் கவனிப்பது?

பதில்: புழுவைத்தான். தண்டுத் துளைப்பான் திறந்துவிட்ட காயத்தின் வழியே பூஞ்சணம் புகுந்து பட்டையை அழுகச் செய்திருக்கிறது. புழு உள்ளே இருக்க, மேலே மருந்து பூசினால் காயம் ஆறாது. மெல்லிய கம்பியைத் துளைக்குள் செலுத்திப் புழுவைக் குத்தி எடுத்துவிட்டு, மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சை வைத்துக் களிமண்ணால் அடையுங்கள். பிறகு, மழையில்லாத நாளில், கூரிய கத்தியால் கறுத்த பட்டையை நலமான பட்டை தெரியும்வரை மட்டும் செதுக்கி, செதுக்கியவற்றைக் கீழே விடாமல் எரித்துவிடுங்கள். கத்தியை ஒவ்வொரு காயத்துக்குப் பின்னும் ஸ்பிரிட்டால் துடையுங்கள்.

செதுக்கிய இடத்துக்குப் போர்டோ பசை ஏற்றது. 100 கிராம் மயில்துத்தத்தை (செம்பு சல்பேட்) அரை லிட்டர் நீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை அரை லிட்டர் நீரிலும் தனித்தனியே பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரத்தில் கரைத்து, சுண்ணாம்புக் கரைசலில் துத்தக் கரைசலை ஊற்றிக் கலக்குங்கள். தீட்டிய இரும்புக் கத்தியை நனைத்துப் பார்க்கும்போது அதில் செம்புநிறம் படிந்தால், இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அன்றே பூசிவிடுங்கள். இலையோடு இருக்கும் பிளம்ஸ், பீச் மரங்கள்மேல் செம்பு மருந்தைத் தெளிப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். இலை கருகி உதிர்ந்துவிடும்.

கேள்வி (கோத்தகிரி): அதே மரம் தேற யூரியா இடலாமா?

பதில்: வேண்டாம். தழைச்சத்தால் வரும் இளந்தளிர், சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியை அழைக்கும். மார்கழி, தை உறைபனியிலும் கருகும். மக்கிய தொழுவுரம் போதும்.

கேள்வி (உதகை): சைப்ரஸ் வேலியில் கிளைகள் ஒவ்வொன்றாகப் பழுப்பாகிக் காய்கின்றன, பட்டைப் பிளவில் பிசின் உள்ளது. எந்த மருந்தால் குணமாகும்?

பதில்: இது பட்டைப்புற்று (பூஞ்சணத்தால் பட்டை அழுகும் நோய்) எனில், காய்ந்த கிளையை மீட்கும் மருந்து இல்லை. நோய் தெரியும் இடத்துக்கு நன்கு கீழே, நலமான பகுதியில் வெட்டி எரியுங்கள். சைப்ரஸ் பழைய கட்டையிலிருந்து துளிர்க்காது என்பதால், ஆழமாக வெட்டிய இடம் வெறுமையாகவே நிற்கும். அடிமரத்தையே நோய் சுற்றிவளைத்திருந்தால் அந்த மரத்தை நீக்குவதே மற்றவற்றுக்கு நல்லது.

கேள்வி (குன்னூர்): பழைய துளைகள் உள்ள சில்வர் ஓக்கின் அடியில் தட்டுத் தட்டாகக் காளான் வந்துள்ளது. அதைச் சீவிவிட்டு, பொந்தைச் சிமெண்டால் அடைக்கலாமா?

பதில்: கூடாது. வெளியே தெரிவது பூஞ்சணத்தின் வித்துறுப்பு மட்டுமே. அழுகல் உள்மரத்தில் பரவியிருக்கும். சிமெண்ட் ஈரத்தைத் தேக்கும், காற்றில் ஆடும் மரத்தை உராய்ந்து காயத்தையும் பெரிதாக்கும். மரம் கூரைக்கோ பாதைக்கோ அருகில் இருந்தால் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே முடிவெடுங்கள். ஆனால் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம், 1955, இங்கு நடைமுறையில் இருப்பதால், வெட்டுவதற்கு முன் அனுமதி பெற வேண்டும்; காளானும் சாய்வும் தெரியும் படங்களை விண்ணப்பத்துடன் இணையுங்கள்.