அம்மா காதில் விழாத ‘மாதிரி’

போன இதழில் ஒருவர் ‘இப்போது என்ன எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்?’ என்று கேட்டிருந்தார். வேலூர் சத்துவாச்சாரிக் குடும்பம் ஒன்றை வைத்து ஒரு சிரிப்பு நாவல், இளையவன் கே (ஆண்களை நேசிக்கிற ஆண்), மூத்தவன் மூன்று வயதில் காட்பாடி ஜங்ஷனில் தொலைந்துபோனவன் என்று இரண்டு வரியில் பதில் சொன்னேன். அந்த இரண்டு வரிக்கு வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்தால் இந்த முறை சினிமாவுக்கும் அரசியலுக்கும் இடமில்லை. கேள்வியைக் ‘கே’ என்றும் பதிலைப் ‘ப’ என்றும் சுருக்கிப் போடுகிற நம் வழக்கத்தை இந்த ஓர் இதழுக்கு மட்டும் நிறுத்திவைத்திருக்கிறோம். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

அண்ணன் தொலைந்தது சோகம். தம்பி கே என்பது வீட்டில் பெரிய பிரச்சினை. இதில் சிரிப்பு எங்கே இருக்கிறது?
— ஒரு வாசகர், ராணிப்பேட்டை

ஒரே ஒரு சொல்லில் இருக்கிறது. தம்பி (பெயர் இன்னும் வைக்கவில்லை, தம்பி என்றே இருக்கட்டும்) தீபாவளிக்குத் தன் ரூம்மேட்டை வீட்டுக்குக் கூட்டிவருகிறான். இரண்டு பேரும் சென்னையில் நாலு வருஷமாக ஒன்றாக வாழ்கிறவர்கள், ரூம்மேட் என்பது வெளியில் சொல்லிக்கொள்கிற பெயர். ‘யார்ரா இவரு?’ என்று அம்மா கேட்கிறார். பஸ்ஸில் வாலாஜா தாண்டியதிலிருந்து ஒத்திகை பார்த்துவைத்த பதிலைத் தம்பி சொல்கிறான்: ‘எனக்கு அண்ணன் மாதிரிமா.’

அம்மாவுக்கு ‘மாதிரி’ காதில் விழவில்லை. முப்பது வருஷமாக அந்த ‘அண்ணன்’ என்ற சொல்லுக்காகவே காத்துக்கொண்டிருந்த காது அது. ரூம்மேட்டுக்கு வயது முப்பத்து மூன்று, தொலைந்த பிள்ளை இருந்தால் அவனுக்கும் அதே வயது. மத்தியானம் கத்திரிக்காய்க் குழம்பில் (எங்கள் ஊர் முள் கத்திரிக்காய், புவிசார் குறியீடு வாங்கியது, கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்கிறேன்) அவன் காம்பைக்கூட விடாமல் சப்பிச் சாப்பிடுவதைப் பார்த்து, ‘இவங்க அப்பாவும் இப்டித்தான் சாப்புடுவாரு’ என்று அம்மா அழ ஆரம்பிக்க, பக்கத்து வீட்டு அத்தை வந்து காதைத் திருப்பிப் பார்த்து ‘அதே காதுதான்’ என்று சான்றிதழ் கொடுக்க, அரை மணி நேரத்தில் தெருவே கூடிவிடுகிறது. பையன் திருநெல்வேலிக்காரன், வாயைத் திறந்தால் ‘ஏல’ என்று வருகிறது. ‘எங்கெங்கியோ வளந்த புள்ள, வேற எப்டி பேசும்?’ அதுவும் சரியாகிவிட்டது.

இப்போது தம்பி என்ன செய்வான்? இவன் என் அண்ணன் இல்லை என்றால் அடுத்த கேள்வி ‘அப்போ யாரு?’ அதற்குப் பயந்து பொங்கல் வரை தள்ளிப்போடுகிறான். அதற்குள் ரேஷன் கார்டில் பெரியவன் பெயரைச் சேர்க்க மனு போய்விடுகிறது, ‘மூத்தவன் இருக்கச்சே சின்னவனுக்கு எப்டி முடிக்கறது?’ என்று ரூம்மேட்டுக்குப் பெண் பார்க்கவும் கிளம்பிவிடுகிறார்கள்.

தொலைந்த அண்ணன் என்றால் மச்சம், டாலர், குடும்பப் பாட்டு என்று அழவைத்தே பழகிவிட்டோம். ஆள் மாறிப்போவது அடிப்படையில் கூத்துதான். பிரிந்துபோன இரட்டையரில் ஒருவனை இன்னொருவன் என்று ஊரே நினைத்துக்கொள்ளும் நாடகத்தை ரோமாபுரியில் பிளாட்டஸ் 2,200 வருஷத்துக்கு முன்பே எழுதிவிட்டார். ஷேக்ஸ்பியர் அதை எடுத்துக்கொண்டு, ஒரு ஜோடி போதாது என்று வேலைக்காரர்களையும் இரட்டையர் ஆக்கினார். நான் சேர்ப்பது கத்திரிக்காய் மட்டும்.

கடைசியில் அந்த ரூம்மேட்தான் நிஜமான அண்ணன் என்று ட்விஸ்ட் வைக்கப் போகிறீர்களா?
— பெயர் வேண்டாம், ஆம்பூர்

சத்தியமாக இல்லை. இதே கேள்வி பதினோரு பேரிடமிருந்து வந்திருக்கிறது, அதில் எட்டுப் பேர் ‘பெயர் வேண்டாம்’. அவனுக்குப் பாளையங்கோட்டையில் சொந்த அம்மா உயிரோடு இருக்கிறார், நாலாவது அத்தியாயத்தில் பஸ் ஏறுகிறார். போதுமா?

ரத்த வங்கியில் வேலை பார்க்கிறேன். உங்கள் நாவலிலும் ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்து, குரூப் ஒத்துப்போய், அண்ணன் தம்பி என்று தெரிந்துவிடுமா? தயவுசெய்து வேண்டாம்.
— ஒரு வாசகி, காட்பாடி

எழுதி வைத்திருந்தேன், உங்கள் கடிதத்தைப் பார்த்துவிட்டுக் கிழித்தேன். குரூப் ஒன்றாக இருந்தால் உறவு என்றால் ஓ பாசிட்டிவ் ஆட்கள் எல்லோரும் ஒரே வீட்டில் பொங்கல் வைக்க வேண்டியதுதான். உறவு இல்லை என்று சொல்வதற்கு வேண்டுமானால் குரூப் கொஞ்சம் உதவும். அப்பா அம்மா இரண்டு பேரும் ஓ என்றால் பிள்ளைக்கு ஏபி வராது. (பாம்பே குரூப் என்று ஓர் அபூர்வ வகை உண்டு, 1952-ல் பம்பாயில் கண்டுபிடித்தது, சாதாரண பரிசோதனையில் ஓ மாதிரியே காட்டி இந்தக் கணக்கையும் குழப்பிவிடும். அதை இரண்டாம் பாகத்துக்கு வைத்திருக்கிறேன்.) கூடப்பிறந்தவர்களா என்று பார்க்க டிஎன்ஏதான் வழி, அதிலும் சராசரியாகப் பாதிக்குப் பாதிதான் ஒத்துப்போகும்.

ஆனால் நான் கிழித்ததற்கு நிஜமான காரணம் வேறு. நம் நாட்டில் ரத்தம் கொடுப்பவர்களைத் தேர்ந்தெடுக்கும் 2017-ஆம் வருஷத்து வழிகாட்டுதல், ஆணோடு உறவு வைத்துக்கொள்ளும் ஆண்களை நிரந்தரமாக விலக்கி வைத்திருக்கிறது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்கும் போயிருக்கிறார்கள். அப்படியானால் அம்மாவுக்கு ஆபரேஷன் என்று தம்பி, ரூம்மேட் இரண்டு பேரும் ரத்தம் கொடுக்கப் போகிறார்கள், படிவத்தில் அந்தக் கேள்வி வருகிறது, பக்கத்தில் பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒருவன் திடீரென்று மஞ்சள் காமாலை என்கிறான், இன்னொருவன் காலையில்தான் பச்சை குத்திக்கொண்டேன் என்கிறான், ‘பெத்த தாய்க்கு ரத்தம் குடுக்க ரெண்டு புள்ளையும் பயந்துகினு ஓடறானுங்க’ என்று பெரியப்பா வார்டு முழுக்கச் சொல்லிவிடுகிறார். சிரித்துக்கொண்டுதான் எழுத ஆரம்பித்தேன், முடிக்கும்போது அப்படி இல்லை. அந்த அத்தியாயத்தை இன்னும் என்ன செய்வது என்று முடிவு செய்யவில்லை.

சென்னை, பெங்களூர் என்றால் நம்பலாம். வேலூரில் ஏது சார் கே வாழ்க்கை?
— ஒரு வாசகர், திருப்பத்தூர்

உங்கள் ஊரிலும் உண்டு, கேட்டால் ரூம்மேட் என்பார்கள்.

வேலூரை எடுத்ததற்கு லாட்ஜ்கள்தான் காரணம். 1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்த சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றி இன்றைக்கு ஒரு குட்டிக் கல்கத்தாவே இருக்கிறது. தெருவுக்குத் தெரு லாட்ஜ், வங்காளியில் போர்டு, கடுகெண்ணெய் வாசனை. நோயாளியோடு வந்து மாசக்கணக்கில் தங்குகிறவர்கள், யார் யாருக்கு என்ன உறவு என்று யாரும் யாரையும் கேட்காத தெருக்கள். கேட்டால் ‘அட்டெண்டர்’ என்று ஒரே வார்த்தை. என் நாவலில் நிஜமான அண்ணன் ஹவுரா ரயிலில் வந்து இறங்குவதும் அங்கேதான், வளர்த்த அப்பாவின் வைத்தியத்துக்காக. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. தம்பிக்கு முன்னூறு மீட்டர் தள்ளி ஒரே டீக்கடையில் நாற்பது நாள் டீ குடிக்கிறான். தம்பியின் போனில் இருக்கிற டேட்டிங் ஆப் முன்னூறு மீட்டரில் யாரோ இருக்கிறார் என்று காட்டுகிறது, போய்ப் பார்த்தால் அது பெண் வீட்டார் கூட்டிவந்த போட்டோகிராபர்.

தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில் என்று எங்கள் ஊரைக் கிண்டல் செய்வார்கள். சாமி 1981-ல் திரும்பி வந்துவிட்டார். இவர்களும் வரட்டும்.

கதை எந்த வருஷத்தில் நடக்கிறது? அண்ணன் எப்படி ஊரைக் கண்டுபிடிக்கிறான்?
— ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர், வேலூர்

தாசில்தார் ஐயா, உங்களுக்காகவே வைத்த இடம் இது. அண்ணன் 1988-ல் தொலைகிறான். அவன் சட்டைப்பையில் இருந்த துண்டுச்சீட்டில் ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்பது மட்டும்தான் தெரிகிறது, மற்றது மழையில் அழிந்துவிட்டது. மறு வருஷமே, 1989-ல் மாவட்டத்தை இரண்டாகப் பிரித்துத் திருவண்ணாமலையைத் தனியாக்கிவிட்டார்கள், அந்த வருஷம்தான் தம்பியும் பிறக்கிறான். அப்புறம் அது வேலூர் மாவட்டம் ஆயிற்று. இல்லாத மாவட்டத்தின் பெயரை வைத்துக்கொண்டு ஒருவன் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறான், ‘அது எங்க லிமிட் இல்லீங்க’ என்று ஒவ்வொருவரும் அடுத்தவரிடம் தள்ளிவிடுகிறார்கள்.

கதை தொடங்குவது 2018 செப்டம்பர் 6, உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள், ஒருபாலுறவைக் குற்றமாக்கிய 1860-ஆம் வருஷத்து 377-ஆம் பிரிவின் பல்லைப் பிடுங்கிய நாள். டிவியில் செய்தி ஓடுகிறது, தம்பி ரிமோட்டைத் தேடுகிறான், அம்மா ‘இருடா, எதுக்கோ விடுதலைன்றான், நல்லதுதான்’ என்கிறார். முடிவது 2019 ஆகஸ்ட் 15, வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரிக்கப்போவதாக அறிவித்த நாள். நடுவில் பணப் பட்டுவாடாவால் வேலூர் எம்பி தேர்தலையே ரத்து செய்துவிட்டு ஆகஸ்ட் 5-ல் தனியாக நடத்தினார்களே, அந்த நாலு மாச இடைவெளியில் சின்ன மாமா வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் ‘அண்ணன் தம்பி சேர்ந்த குடும்பம், மூணு ஓட்டு’ என்று கணக்கு சொல்லிக்கொண்டிருக்கிறார். வீடு சேரச் சேர மாவட்டம் பிரிகிறது. இதை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை, அரசாங்கமே எழுதிக் கொடுத்தது.

தமிழ்ப் படங்களில் இப்படிப்பட்டவர்களைக் கேலி செய்தே சிரிக்கவைத்தார்கள். நீங்களும் அதையேதான் செய்யப் போகிறீர்களா?
— ஒரு கல்லூரி மாணவர், குடியாத்தம்

நியாயமான சந்தேகம், நானும் செய்தவன்தான். இருபது வருஷத்துக்கு முன்பு ஒரு கதையில் கையை ஆட்டி ஆட்டிப் பேசும் டெய்லர் ஒருவரை வைத்து அரைப் பக்கம் சிரிக்கவைத்தேன். நல்ல பெயர் கிடைத்தது. அப்புறம் ஒரு இன்லேண்டு கடிதம் வந்தது, அனுப்பியவர் பெயர் இல்லை, ‘கதை வந்த நாளிலிருந்து கடையில் கையைக் கட்டிக்கொண்டு பேசுகிறேன்’ என்று ஒரு வரி. அந்தக் கதையைத் தொகுப்பில் சேர்க்கவில்லை.

இந்த நாவலில் தம்பியும் ரூம்மேட்டும் வீட்டிலேயே தெளிவான ஆட்கள். பைத்தியக்காரத்தனம் எல்லாம் சுற்றியிருக்கும் அத்தை, மாமா, பெரியப்பாவுடையது. ‘கே’ என்ற ஆங்கிலச் சொல் எதற்கு, தமிழில் சொல் இல்லையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தன்பாலீர்ப்பு என்பது நல்ல சொல், 2022-ல் தமிழ்நாடு அரசே மரியாதையான சொற்களுக்கு ஒரு பட்டியலை அரசிதழில் போட்டது. ஆனால் சத்துவாச்சாரி மொட்டை மாடியில் இரவு பதினொன்றரை மணிக்கு ஒருவன் தன் அக்காவிடம் ‘நான் தன்பாலீர்ப்பாளன்’ என்று சொல்ல மாட்டான். ‘நான் கே-க்கா’ என்பான். அக்கா ‘என்னக்கா?’ என்பாள். அதுவும் எழுதியாகிவிட்டது.

நானும் என் துணையும் ஏழு வருஷமாக ஒரே வாடகை வீட்டில் இருக்கிறோம். கசின் என்று சொல்லி வைத்திருக்கிறோம். இப்போது வீட்டு ஓனரம்மா என் ‘கசினுக்கு’ப் பெண் பார்க்கிறார். உங்கள் தம்பி எப்படித் தப்பிக்கிறான்?
— பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம்

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன், மூன்று தடவையும் சிரித்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள். என் தம்பியின் வழி உங்களுக்கு உதவாது, அவனுக்கு நிஜ அண்ணன் ஒருவன் வந்து வாய்க்கிறான்.

உதவுகிற இரண்டு மூன்று விஷயம் சொல்கிறேன். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் திருமண உரிமை தர மறுத்துவிட்டது, அதனால் கல்யாணச் சான்றிதழுக்கு இப்போது வழியில்லை. ஆனால் இரண்டு பேர் பெயரிலும் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும் ஒருவரை ஒருவர் நாமினியாகப் போடவும் தடை இல்லை என்று மத்திய நிதி அமைச்சகம் 2024-ல் தெளிவுபடுத்தியிருக்கிறது. ரேஷன் கார்டுக்கும் ஒரே குடும்பமாகக் கணக்கில் எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறார்கள். 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில், ஓர் இளம்பெண்ணை அவள் துணையிடம் போகவிடாமல் வீட்டார் வைத்திருந்த வழக்கில், குடும்பம் உண்டாவதற்குக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்று இல்லை, தேர்ந்தெடுத்துக்கொள்ளும் குடும்பமும் குடும்பம்தான் என்று இரண்டு நீதிபதிகள் சொன்னார்கள். பேங்க் வேலையை முதலில் முடியுங்கள். ஓனரம்மாவிடம் எப்போது சொல்வது, சொல்வதா வேண்டாமா என்பதெல்லாம் உங்கள் இருவர் இஷ்டம், வாடகை ஒப்பந்தம் இன்னும் எத்தனை மாசம் இருக்கிறது என்று மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ‘பொண்ணு புடிக்கலன்னா சொல்லிடுப்பா, உன் கசினையும் ஒரு வார்த்தை கேட்டுக்கோ, அவன் முகமே சரியில்ல’ என்று ஓனரம்மா சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த வசனத்தை நான் எடுத்துக்கொள்ளலாமா? எனக்கென்னவோ அந்த அம்மாவுக்கு ‘மாதிரி’ நன்றாகவே காதில் விழுகிறது.