தொழுநோயில் எதிர்ப்பு சக்தி என்ன செய்கிறது? சில கேள்விகள், பதில்கள்

எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்குத்தான் தொழுநோய் வருமா?

அப்படிச் சொல்ல முடியாது. பெரும்பாலும் இந்த ஒரு கிருமியிடம் மட்டும்தான் தொழுநோய் வந்தவர்களின் உடம்பு தடுமாறுகிறது. சுமார் 95 சதவீதம் பேருக்கு இதை அடக்கும் திறன் இயல்பாகவே உண்டு. எச்.ஐ.வி. வந்தவர்களைக் காசநோய் தாக்கிய அளவுக்குத் தொழுநோய் தாக்கவில்லை.

ஒருவருக்கு ஒரே ஒரு தேமல், இன்னொருவருக்கு உடம்பெங்கும் தடிப்பு. கிருமி வேறா?

கிருமி ஒன்றுதான், உடம்பு அதை எதிர்கொள்ளும் விதம்தான் வேறு. சிலருக்கு டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரந்து, கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களை முடுக்கிவிடும். அவை கிருமியைச் சூழ்ந்து அடக்கிவிடும். அதனால் உணர்ச்சியற்ற தேமல் ஒன்றிரண்டோடு நின்றுவிடும். தோல் மாதிரியில் கிருமி தென்படுவதே அரிது.

வேறு சிலருக்கு இந்த முடுக்கம் நடப்பதில்லை. மேக்ரோஃபேஜ் கிருமியை விழுங்கும், ஆனால் கொல்லாது. கிருமி அதற்குள்ளேயே பெருகும். உடம்பெங்கும் தடிப்பு வருவது இவர்களுக்குத்தான். வேடிக்கை என்னவென்றால், இவர்கள் ரத்தத்தில்தான் ஆன்டிபாடி, அதாவது கிருமியை எதிர்க்க உடம்பு சுரக்கும் புரதம், ஏராளம். செல்லுக்குள் இருக்கும் கிருமியை அது எட்டாது, அதனால் பயனில்லை. பலர் இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள். 1966-ல் ரிட்லி, ஜாப்ளிங் என்ற இரு மருத்துவர்கள் இதை ஐந்து படிகளாகப் பிரித்தார்கள்.

அப்படியென்றால் எதிர்ப்பு பலமாக இருந்தால் நல்லதுதானே?

முழுக்க இல்லை. கிருமி நரம்பு இழைகளைப் போர்த்தியிருக்கும் ஷ்வான் செல்களுக்குள் குடியிருக்கிறது. அங்கே சண்டை மூண்டால் நரம்பும் சேர்ந்து வீங்கிக் கெடும். எதிர்ப்பு பலமானவர்களுக்கு நரம்பு சீக்கிரமே பாதிக்கப்படுவது இதனால்தான்.

அம்மாவுக்கு மாத்திரை ஆரம்பித்த பிறகு தேமல்கள் சிவந்து வீங்கிவிட்டன. நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இது 'ரியாக்‌ஷன்' ஆக இருக்கலாம்: கிருமிக்கு எதிராக உடம்பு திடீரென விழித்துக்கொள்வது. கிருமி அதிகம் உள்ளவர்களுக்கு இன்னொரு வகை உண்டு. அதில் காய்ச்சலும் வலியுள்ள முடிச்சுகளும் வரும். டாக்டர் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு கொடுப்பார், தொழுநோய்க்கான கூட்டு மருந்தும் தொடரும். கை கால் பலம் குறைந்தாலோ கண் சிவந்து வலித்தாலோ அன்றைக்கே காட்டுங்கள்.

பி.சி.ஜி. தடுப்பூசி உதவுமா?

ஓரளவு பாதுகாப்பு தரும்.

12 மாத மருந்து முடித்தாயிற்று. இனி ரியாக்‌ஷன் வராதல்லவா?

வரலாம். செத்த கிருமியின் மிச்சங்கள் உடம்பில் வெகுநாள் தங்கும், எதிர்ப்பு சக்தி அவற்றோடும் மோதும். நோய் திரும்பிவிட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். ஆனால் காட்டாமல் இருக்காதீர்கள்.