1968 டி-28இல் ஹெர்ரிங்போன் எப்படி வந்தது?

கேள்வி: டொரன்டோவில் வசிக்கிறேன். எல்லைக்கு அந்தப் பக்கம் பஃபலோவில் ஒருவர் மார்ட்டின் டி-28 கிட்டார் விற்கிறார். உள்ளே இருக்கும் ஆறு இலக்க எண் 238 என்று தொடங்குகிறது. 1968இல் செய்தது, எதையுமே மாற்றவில்லை என்கிறார். முகப்பின் விளிம்பைச் சுற்றி மீன்முள் போன்ற ஹெர்ரிங்போன் கரை இருக்கிறது. முகப்பில் கீறல் விழாமல் காக்கும் தகடான பிக்கார்டு ஆமை ஓட்டு நிறம். கம்பிகள் ஏறி நிற்கும் மெல்லிய பட்டையான சேடில், அதைத் தாங்கும் கட்டையான பிரிட்ஜின் இரு முனை வரை ஓடுகிறது. நம்பி வாங்கலாமா?

பதில்: எண் சரிதான். 1967இன் கடைசி எண் 230095, 1968இன் கடைசி எண் 241925. சவுண்ட் ஹோல் வழியாகப் பார்த்தால், நெக் (கிட்டாரின் கழுத்து) வந்து சேரும் கட்டையில் அந்த எண்ணும் மாடல் பெயரும் அச்சடித்திருக்கும். ‘எதையுமே மாற்றவில்லை’ என்பதை மட்டும் நம்ப முடியவில்லை. நீங்கள் சொன்ன மூன்று அடையாளங்களும் 1968க்கு முந்தைய கிட்டாருக்கு உரியவை. பழைய தோற்றம் கூடக் கூட அசல்தன்மையும் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். உங்கள் கிட்டாரில் கதை நேர்மாறு.

டி-28இல் ஹெர்ரிங்போன் 1947 தொடக்கத்தோடு நின்றுபோனது. மறுபடி வந்தது 1976இல், எச்டி-28 என்ற தனி மாடலில். இடைப்பட்ட காலத்து கிட்டாரில் அது இருந்தால் யாரோ பட்டறையில் சேர்த்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய மார்ட்டினின் ஓசை வேண்டும் என்று அறுபதுகளின் கிட்டார்களை இப்படி மாற்றிக்கொண்டவர்கள் நிறையப் பேர். எவ்வளவு தூரம் மாற்றினார்கள் என்பதுதான் இப்போது தெரிய வேண்டியது. விளிம்பை மட்டும் செதுக்கிக் கரையைப் பதித்தார்களா, முகப்புப் பலகையையே புதிதாகப் போட்டார்களா?

ஒரு சிறிய கண்ணாடியும் டார்ச்சும் எடுத்துப் போங்கள். முகப்பின் அடியில் எக்ஸ் வடிவில் ஒட்டியிருக்கும் பிரேஸ்களை, அதாவது பலகையைத் தாங்கும் மரச்சட்டங்களைப் பாருங்கள். 1944 இறுதி வரை மார்ட்டின் அவற்றை அலை போலக் குழித்துச் செதுக்கியது. கனமான கம்பிகளின் இழுப்பைத் தாங்குவதற்காக அதன்பிறகு செதுக்காமல் விட்டது. ஆக, 1968இல் குழிவு இருக்கக் கூடாது. குழிவு இருந்து, அந்த இடத்தில் மட்டும் மரம் வெளிறி உளித்தடம் தெரிந்தால் பிற்பாடு செதுக்கியிருக்கிறார்கள். பிரேஸும் பலகையும் சேர்ந்தே புதிதாகத் தெரிந்தால் முகப்பு மாற்றப்பட்டது. அப்படியானால் விலை வெகுவாக இறங்க வேண்டும். கையோடு பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். நடுவே ஓடும் அலங்காரப் பட்டை 1947க்குப் பிறகு கட்டம் கட்டமாக இருக்கும், அதற்கு முன் வளைந்து வளைந்து போகும். முன்பக்கத்தை மாற்றியவர்கள் பெரும்பாலும் இதைத் தொடுவதில்லை.

மற்ற இரண்டும் சின்ன விஷயம். முனை வரை ஓடும் சேடிலை மார்ட்டின் 1965இல் நிறுத்தியது. எனவே இந்த பிரிட்ஜ் பிற்பாடு போட்டது. பழைய பிரிட்ஜ் வெடித்தால் மாற்றுவது சகஜம். பிக்கார்டு 1967 வாக்கில் கறுப்புக்கு மாறிவிட்டது. அந்தக் காலத்தில் அதை வார்னிஷ் இல்லாத வெறும் மரத்தில் நேராக ஒட்டிவிடுவார்கள். பிளாஸ்டிக் வருடக்கணக்கில் சுருங்கும்போது மரத்தையும் இழுத்து, விளிம்பை ஒட்டி முகப்பில் நீள விரிசல் விழும். அதனால் பிக்கார்டை மாற்றியிருப்பதில் ஆச்சரியமில்லை. விரிசல் இருக்கிறதா, உள்ளிருந்து ஒட்டுப்போட்டிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

கம்பிகளை முறுக்கும் ட்யூனர்கள் பின்புறம் மூடிய குரோவர் ரோட்டோமேட்டிக்காக இருக்க வேண்டும். திறந்த ரகம் இருந்தால், பழைய திருகுத் துளைகளைத் தேடுங்கள். நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே வைக்கும் கம்பியான ட்ரஸ் ராடை முறுக்கும் இடம் தெரிந்தால் அந்த நெக் அசல் இல்லை, மார்ட்டினில் அது 1985இல்தான் வந்தது. நெக்கைக் கழற்றிக் கோணம் சரிசெய்திருந்தால் பயப்படாதீர்கள். இந்த வயது மார்ட்டினுக்கு அது வழக்கமான வைத்தியம், இன்னும் செய்யாததுதான் செலவு.

கடைசியாக மரம். 1968 டி-28இன் முதுகும் விலாவும் பிரேசில் ரோஸ்வுட். 1969இல்தான் மார்ட்டின் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது, அதாவது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரத்துக்கு. ஓசையில் ஈட்டி மட்டம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் சந்தை பிரேசில் மரத்துக்குத்தான் அதிகம் கொடுக்கிறது, மாற்றங்கள் செய்த கிட்டாரும் அதனால்தான் ஓரளவு விலை போகிறது.

அந்த மரத்தால் உங்களுக்கு ஒரு தலைவலியும் உண்டு. 1992 முதல் அது, அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. அனுமதிச் சான்று இல்லாமல் எல்லை தாண்டினால் கிட்டாரைப் பறிமுதல் செய்யலாம். மரம் தடைக்கு முந்தையது என்று காட்டி அமெரிக்கப் பக்கச் சான்றை வாங்கித்தர விற்பவர் சம்மதிக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். சம்மதித்தால், மாற்றங்களைச் சொல்லி விலையைக் குறைத்துப் பேசுங்கள். இல்லையென்றால் கனடாவுக்குள்ளேயே வேறொன்று தேடுங்கள்.