எங்கள் ஊர் கிராமமா, டவுனா?

கேள்வி: பல்லடம் பக்கம் எங்கள் ஊர். வீட்டுக்காரர் தறி ஓட்டுகிறார், அத்தை நூறு நாள் வேலைக்குப் போகிறார். எங்கள் ஊராட்சியைப் பக்கத்து நகராட்சியோடு சேர்க்கப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. "ஏடிஎம், பிரியாணிக் கடை, இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல் எல்லாம் வந்தாச்சு. இன்னும் என்ன கிராமம்?" என்கிறார் அவர். "டவுன்னு ஆக்கிட்டா என் வேலை போயிருமே" என்று அத்தை கலங்குகிறார். எதை வைத்துத்தான் கிராமம், டவுன், சிட்டி என்று பிரிக்கிறார்கள்? வீட்டில் நான் யார் பக்கம் பேசுவது?
- ஒரு வாசகி, திருப்பூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அத்தையின் பயம் நியாயமானது. நூறு நாள் வேலை என்று நாம் சொல்வது ஊரகப் பகுதிக்கான திட்டம். ஊராட்சி நகராட்சியோடு சேர்ந்துவிட்டால் அந்த வேலைக்கு வழியில்லை. இணைப்பு வேண்டாமென்று பல ஊர்ப் பெண்கள் கலெக்டர் ஆபீஸ் வாசலில் போய் நிற்பதற்கு இதுதான் முதல் காரணம். அத்தைக்கு விவரம் தெரியாது என்று வீட்டில் யாரும் நினைக்க வேண்டாம்.

சரி, எதை வைத்துப் பிரிக்கிறார்கள்? ஏடிஎம்மையும் பிரியாணிக் கடையையும் வைத்து இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 74-வது திருத்தம் (1992) பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்று மூன்று படிகளை வைத்தது. மக்கள்தொகை, நெருக்கம், உள்ளாட்சியின் வருமானம், விவசாயம் தவிர்த்த வேலை எவ்வளவு என்பதையெல்லாம் பார்க்கச் சொன்னது. ஆனால் இத்தனை பேர் இருந்தால் நகரம் என்று எண் எதையும் அது குறிக்கவில்லை. அதை மாநில அரசிடம் விட்டுவிட்டது. அதனால் ஓர் அரசாணையில் ஊரின் பெயர்ப்பலகை மாறும். 2004-ல் தமிழ்நாட்டின் பேரூராட்சிகள் சிறப்புக் கிராம ஊராட்சிகள் ஆக்கப்பட்டன, 2006-ல் மறுபடி பேரூராட்சிகள் ஆயின. இடையில் அந்த ஊர்களில் வீதியும் மாறவில்லை, வேலையும் மாறவில்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தனி அளவுகோல் உண்டு. 5,000 பேராவது இருக்க வேண்டும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது வசிக்க வேண்டும், வேலைக்குப் போகும் ஆண்களில் முக்கால்வாசிப் பேர் விவசாயம் அல்லாத தொழிலில் இருக்க வேண்டும். மூன்றும் பொருந்தினால், ஊராட்சியாகவே இருந்தாலும் கணக்கெடுப்பில் அது நகரம். ஒரு லட்சம் பேரைத் தாண்டினால் சிட்டி. 2001-ல் நாட்டில் 1,362 ஊர்கள் இப்படி 'கணக்கெடுப்பு நகரம்' என்று எண்ணப்பட்டன. 2011-ல் அது மூவாயிரத்து எண்ணூறைத் தாண்டிவிட்டது. ஊர் ஊராகத் தறி ஓடும் உங்கள் பக்கத்தில், கேட்டால் தெரியும், பல ஊராட்சிகள் இந்தக் கணக்கில் ஏற்கெனவே டவுன்தான்.

அந்த மூன்றாவது அளவை நன்றாகப் பாருங்கள். ஆண்களின் வேலையை மட்டும்தான் எண்ணுகிறார்கள். உங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்தால், உங்கள் வீட்டுக்காரர் தறிக்குப் போவது ஊரை நகரமாக்கும் கணக்கில் ஏறும். அத்தை வாய்க்காலில் மண் வெட்டுவது அந்தக் கணக்கில் வராது. ஊர் எப்படிப் பிழைக்கிறது என்று அளக்கும்போது அதில் பாதிப் பேரின் பாட்டை விட்டுவிட்டால் அது எப்படிச் சரியான அளவாகும்? ஒரே வீட்டில் ஒருவர் டவுனில் பிழைக்கிறார், ஒருவர் கிராமத்தில் பிழைக்கிறார். இரண்டுமே உண்மை. வெளிநாடுகளிலும் இதற்குப் பொதுவான கோடு கிடையாது. டென்மார்க்கில் 200 பேர் சேர்ந்து வசித்தாலே நகர்ப்பகுதி, ஜப்பானில் சிட்டி என்ற தகுதிக்குப் பொதுவாக 50,000 பேர் வேண்டும்.

என் கணிப்பில், உங்களுக்கு உண்மையில் மாறப்போவது யாரை நேரில் நிறுத்திக் கேள்வி கேட்கலாம் என்பதுதான். ஊராட்சியில் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று தேதி குறித்துக் கூட்டம் நடக்கும். ஊராட்சியின் வரவு செலவை அங்கே படித்துக் காட்ட வேண்டும், நீங்கள் எழுந்து, "மேட்டுத்தெரு போர்வெல்லுக்கு இவ்வளவு செலவா?" என்று கேட்கலாம். ஊராட்சித் தலைவரை நீங்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறீர்கள், கட்சிச் சின்னமும் கிடையாது. நகராட்சியில் உங்கள் ஓட்டு வார்டு கவுன்சிலருக்கு மட்டும். அவர் கட்சிச் சின்னத்தில் நிற்பார், தலைவரைக் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுப்பார்கள். வார்டு கமிட்டி, பகுதி சபை என்று அங்கும் இருக்கிறது, ஆனால் கிராம சபைக்கு உள்ள பழக்கமும் பலமும் அதற்கு இன்னும் வரவில்லை. சொத்து வரியும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்ட வேண்டும்.

உங்கள் வீட்டுக்காரர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. நெருக்கமாக வீடு வந்துவிட்ட ஊரை ஒரு ஊராட்சிச் செயலர், ஒரு டேங்க் ஆபரேட்டர், சில தூய்மைக் காவலர்களை வைத்துச் சமாளிக்க முடியாது. லைன் வீடுகளின் கழிவுநீர் ரோட்டில் ஓடுகிறது, குப்பையை ஊர் எல்லையில் கொட்டி எரிக்கிறார்கள். பொறியாளர், சுகாதார அலுவலர், பாதாளச் சாக்கடைக்கான நிதி எல்லாம் நகராட்சிக்குத்தான் எளிதில் வரும். ஆனால் சேர்ந்த மறுநாளே வந்துவிடாது. 2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-ஆக விரிந்தது. அப்படிச் சேர்ந்த பகுதிகளில் பல தெருக்கள் சாக்கடைக் குழாய்க்காக வருடக்கணக்கில் காத்திருந்தன.

அதனால் வீட்டில் யார் பக்கமும் சேர வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் அத்தையையும் அழைத்துக்கொண்டு வேலம்பாளையம், நல்லூர் பக்கம் போய்வாருங்கள். அந்த இரண்டு நகராட்சிகளும், கூடவே சில ஊராட்சிகளும் 2011-ல் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்தவை. ஊராட்சியாக இருந்த தெருக்களில் பெண்களிடம் பேசுங்கள். தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, வரி எவ்வளவு கூடியது, நூறு நாள் வேலைக்குப் போனவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள்.

அப்புறம், அடுத்த கிராம சபைக்கு மூவரும் போங்கள். இணைப்பைப் பற்றித் தனித் தீர்மானம் வேண்டுமென்று கேளுங்கள். வேலை இழப்பவர்களுக்கு மாற்று என்ன, வரி எப்போது உயரும், சாக்கடைக்கு எந்த வருடம் நிதி வரும் என்ற மூன்றையும் அதில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை உரக்கப் படிக்கச் சொல்லிவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுங்கள். அரசு உத்தேச அறிவிப்பு வெளியிட்டால் ஆட்சேபம் சொல்லக் கெடு குறித்திருப்பார்கள். அதற்குள் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். மனுவில் முதல் கையெழுத்து அத்தையுடையதாக இருக்கட்டும்.