நிரலில் பக் (பிழை) வந்தால் குற்றம் மொழியுடையதா, எழுதியவருடையதா?

கேள்வி: எங்கள் குழுவில் ஏழு பேர். சி பிளஸ் பிளஸ் நிரல்மொழியில் எழுதிய மென்பொருள் அடிக்கடி கிராஷ் ஆகிறது. எங்களுக்குக் கவனம் போதவில்லை என்கிறார் மேலாளர். மொழிதான் காரணம், மொத்தத்தையும் ரஸ்ட் என்ற வேறொரு நிரல்மொழியில் திரும்ப எழுதலாம் என்கிறார்கள் ஜூனியர்கள். யார் சொல்வது சரி?

பதில்: கடைசி ஆறு மாதத்தில் நீங்கள் சரிசெய்த பக்குகளை எடுத்து, ஒவ்வொன்றும் நினைவகப் பிழையா (நிரல் தனக்கு உரியதல்லாத நினைவக இடத்தைத் தொடுவது போன்றது), கணக்கிலோ விதியிலோ வந்த தவறா என்று பிரித்துப் பாருங்கள். அதற்கு முன் யாரையும் குறை சொல்ல வேண்டாம்.

நினைவகப் பிழைகளே அதிகம் என்றால், மொழிக்குப் பெரிய பங்கு உண்டு. 2014-இல் வெளிவந்த ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அது இருந்த ஓபன்எஸ்எஸ்எல் (இணையத் தொடர்பை மறையாக்கிக் காக்கும் மென்பொருள்) சி மொழியில் எழுதப்பட்டது. எதிர்முனை சொன்ன நீளத்தை அந்த நிரல் சரிபார்க்காமல் நம்பியதால், ஒரு கோரிக்கைக்கு 64 கிலோபைட் வரை சர்வரின் நினைவகம் வெளியே கசிந்தது. எழுதியவர் கவனிக்கவில்லை, சரிபார்த்தவரும் கவனிக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் அது அப்படியே கிடந்தது. ஜாவாவோ ரஸ்டோ எல்லை தாண்டிய வாசிப்பை அந்த இடத்திலேயே நிறுத்தியிருக்கும். தன் மென்பொருள்களில் ஆண்டுதோறும் சரிசெய்யும் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 சதவீதம் நினைவகப் பிழைகள்தான் என்று மைக்ரோசாஃப்ட் 2019-இல் சொன்னது. அத்தனை அனுபவசாலிகள் இருக்கும் இடத்திலேயே இப்படி என்றால், ‘கவனமாக எழுது’ என்று மட்டும் சொல்வது உங்கள் குழுவுக்கு நியாயமே இல்லை.

அதற்காக ஜூனியர்கள் சொல்வதும் முழுச் சரியல்ல. 1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ராக்கெட் கிளம்பிச் சுமார் 40 விநாடியில் வெடித்துச் சிதறியது. அதன் நிரல் இருந்தது அடாவில்; கண்டிப்புக்குப் பேர்போன மொழி. ஏரியன் 4-க்காக எழுதியதை அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். புது ராக்கெட்டின் வேகத்தில் ஒரு 64 பிட் எண் 16 பிட்டுக்குள் அடங்கவில்லை. இந்த மாதிரித் தவறான அனுமானத்தை எந்த மொழியும் பிடித்துக் கொடுக்காது. உங்கள் பட்டியலில் விதித் தவறுகள்தான் அதிகம் என்றால், ரஸ்டில் எழுதினாலும் அதே பக் திரும்ப வரும்; டெஸ்ட் கேஸ்களைக் கூட்டுங்கள்.

நினைவகப் பிழைகள் என்றால், இன்றே டெஸ்ட் பில்டில் அட்ரஸ் சானிடைசரை (ஓடும்போதே நினைவகப் பிழையைப் பிடிக்கும் கருவி) போட்டு ஓட்டுங்கள். ஜிசிசி, கிளாங் ஆகிய இரண்டு கம்பைலர்களிலும் இருக்கிறது. அப்புறம், இனி எழுதும் மாட்யூல்களை மட்டும் ரஸ்டில் தொடங்குங்கள். பழையதை மொத்தமாகத் தூக்கிப் போடாதீர்கள். பல வருடம் பக் பார்த்துப் பார்த்துச் சரிசெய்த நிரல் அது; திரும்ப எழுதும்போது அந்தத் திருத்தங்களில் பாதி யாருக்கும் ஞாபகம் இருக்காது.